ரஸ்ஸலின் மேசையும் இடைசெவல் நாற்காலியும்

தமிழில் வந்திருக்கிற தத்துவ அறிமுக நூல்களில் ஒரு ஏழெட்டை வரிசையாக எடுத்து முதல் பத்துப் பக்கம் மட்டும் வாசித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். கிரேக்கத்தில் 'ஃபிலோ' என்றால் விருப்பம், 'ஸோஃபியா' என்றால் ஞானம். அப்புறம் ஐந்து பிரிவுகள்: மெய்ப்பொருளியல், அறிவாராய்ச்சியியல், அளவையியல், அறவியல், அழகியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ரெண்டு பெயர்கள், ஒரு பத்தி. நகராட்சி வார்டு பிரித்த மாதிரி. இந்தத் தெருவில் பிளேட்டோ, அந்தத் தெருவில் கான்ட். வாசிப்பவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்ற கேள்வி மட்டும் எங்கேயும் வராது.

இதில் என்ன தப்பு, அறிமுகம்னா அப்படித்தானே இருக்கும் என்று கேட்கலாம். தகவலில் தப்பில்லை. ஆனால் இந்த முறையில் படித்த மாணவருக்குத் தத்துவம் என்பது விடைகளின் பட்டியலாக மனதில் பதிந்துபோகிறது. 2013 முதல் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் அறவியலுக்கென்று ஒரு தாள் வந்துவிட்டதால் இப்போது கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளும் காண்டின் கடமைக் கொள்கையையும் பெந்தாமின் பயன்பாட்டுக் கொள்கையையும் மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கேள்விகள் தன் ஊர்க் கதைகளிலேயே நெருக்கிக் கேட்கப்பட்டிருக்கின்றன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. தத்துவம் இறக்குமதிச் சரக்கு, நாம் வாங்கி விற்கிறவர்கள் என்ற எண்ணம் இப்படித்தான் உண்டாகிறது. என் சண்டை அதோடுதான்.

ஒரு உதாரணத்தில் இருந்து தொடங்கலாம். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் எழுதிய 'தத்துவத்தின் பிரச்சினைகள்' உலகம் முழுக்க அறிமுக நூலாகப் படிக்கப்படுகிறது. அது ஒரு மேசையில் தொடங்குகிறது. மேசை பழுப்பாகத் தெரிகிறது. ஆனால் வெளிச்சம் படும் இடம் வெள்ளையாகத் தெரிகிறது. நகர்ந்து நின்று பார்த்தால் வடிவம் மாறுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வழவழப்பு காணாமல் போகிறது. அப்படியானால் உண்மையான மேசை எது? அப்படி ஒன்று இருக்கிறதா? அருமையான தொடக்கம். தமிழில் பல அறிமுகங்கள் இந்த மேசையை அப்படியே தூக்கிவந்து போட்டிருக்கின்றன.

கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாற்காலியே இல்லாத வீட்டில், வந்த பெரிய மனுஷர் முக்காலியில் உட்காரப்போய் விழுந்ததால், நாற்காலி செய்வது என்று முடிவாகிறது. எந்த மரத்தில் செய்வது என்று பெரிய விவாதம் நடக்கிறது. செய்து வந்ததும் வீடே அதைத் தடவிப் பார்க்கிறது. பிள்ளைகள் முறைவைத்து உட்கார்கிறார்கள். பிறகு ஊரில் ஒரு சாவு. பிணத்தை உட்காரவைக்க நாற்காலியைக் கேட்டு வாங்கிப்போகிறார்கள். திரும்பி வந்த நாற்காலி அதே மரம், அதே கால், அதே கை. கழுவியும் ஆச்சு. ஆனால் யாரும் அதில் உட்காரத் துணியவில்லை.

ரஸ்ஸலின் மேசையைப் பார்ப்பவர் ஒரே ஆள். அவர் தனியாக நின்று, கண்ணாலும் விரலாலும் பார்க்கிறார். மேசை மாறுவதெல்லாம் அவருடைய புலன்களுக்கு. இடைசெவல் நாற்காலியில் புலனுக்குத் தெரிகிற ஒன்றும் மாறவில்லை. பழுப்பு பழுப்பாகவே இருக்கிறது. மாறியது வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ எங்கே இருக்கிறது? மரத்தில் இல்லை. ஒரு தனி மனிதனின் கண்ணிலும் இல்லை, ஏனென்றால் ஊருக்கே அது தெரிகிறது. ரஸ்ஸலின் கேள்வியைவிட இது கடினமான கேள்வி என்று நினைக்கிறேன். ஒரு பொருளின் தன்மை என்பது அதன் மரமும் ஆணியுமா, அது செய்யும் வேலையா, அல்லது அதைச் சுற்றியிருக்கிற மனிதர்கள் அதோடு வைத்திருக்கிற உறவா? இருப்பியல் என்று நம் நூல்கள் ஒரு பத்தியில் கடந்துபோகிற பிரிவின் நடுக்கேள்வி இது.

அவருடைய 'கதவு' இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கதவு ஒரு வண்டி. ஏறி நின்று ஆடுகிறார்கள். தீப்பெட்டிப் படம் ஒன்று கிடைத்தால் அதில் ஒட்டிவைக்கிறார்கள். (கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டிப் படம் என்றால் என்ன என்று விளக்கவேண்டியதில்லை.) தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றி எடுத்துப்போகிறான். வாடைக் காற்று உள்ளே வருகிறது. கைக்குழந்தை நோய்ப்பட்டுச் செத்துப்போகிறது. பின்னால் ஒரு பாழடைந்த இடத்தில் சாத்திக் கிடக்கும் அந்தக் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிப்பிடிக்கிறார்கள்.

பாலி நூலான 'மிலிந்த பஞ்ஹா'வில் நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைப் பற்றிக் கேட்பார். சக்கரம் தேரா? அச்சு தேரா? நுகத்தடி தேரா? எதுவும் இல்லை. அப்போ தேர் என்பது வெறும் பெயர்தானா? நியாய மரபுக்காரர்கள் இதை மறுத்தார்கள். பாகங்களைச் சேர்த்தால் பாகங்களுக்கு மேலாக முழுமை என்ற புதிய பொருள் உண்டாகிறது என்பது அவர்கள் வாதம். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த சண்டை. சுவரில் இருந்து கழற்றிய கதவு இன்னும் கதவுதானா என்ற கேள்வியோடு 'கதவு' கதையை வகுப்பில் வைத்தால் இந்தச் சண்டை பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். கதை அதோடு நிற்பதில்லை. அரசாங்கத்துக்குக் கதவு ஜப்தி செய்யக்கூடிய சொத்து. குழந்தைக்கு அது உயிர். ஒரே பலகை. இருப்பியலில் தொடங்கிய கேள்வி, 'எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு' என்று அரசியல் தத்துவமாக மாறிவிடுகிறது. வார்டு எல்லையெல்லாம் அழிந்துபோகிறது. பிரிவுகளைத் தனித்தனியாக அறிமுகம் செய்வதில் எனக்குள்ள முக்கியமான மனத்தாங்கல் இதுதான். நிஜமான கேள்வி எதுவும் ஒரே பிரிவுக்குள் அடங்கி உட்கார்வதில்லை.

அறிவாராய்ச்சியியலுக்கு வருவோம். இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது. மானாவாரிக் காடு. ஆற்றுப் பாசனம் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கணும். கரிசலுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கிற குணம் உண்டு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற குணமும் உண்டு. மழைக்கு முன்னாடி விதைத்துவிட்டுக் காத்திருப்பதா, மழை விழுந்த பிறகு விதைப்பதா? பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, எதுவானாலும் விதை காசு. எதை வைத்து மழை வரும் என்று நம்புவது? 'எனக்கு எப்படித் தெரியும்' என்பது இங்கே வீட்டுச் செலவுக் கணக்கு.

ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், நியாய சூத்திரம் அனுமானத்தைச் சோதிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் உதாரணமும் மழைதான். எல்லாருக்கும் தெரிந்தது புகையும் நெருப்பும். ஆனால் அதன் இரண்டாம் அத்தியாயத்தில் வேறு ஒரு வாதம் வருகிறது. ஆறு பெருகினால் மேலே மழை பெய்திருக்கிறது என்கிறோம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மழை வரும் என்கிறோம். மயில் அகவினால் அதையும் மழையோடு சேர்க்கிறோம். எதிராளி சொல்கிறான்: இதெல்லாம் நம்ப முடியாது. ஆற்றை எங்கேயாவது அடைத்திருந்தாலும் தண்ணீர் ஏறும். புற்றை யாராவது கலைத்திருந்தாலும் எறும்பு முட்டையைத் தூக்கும். மயில் மாதிரி ஒரு ஆளே கத்தியிருக்கலாம். ஆகவே அனுமானம் என்பதே செல்லாது. இதற்குப் பதில்: நீ காட்டியது அனுமானத்தின் தோல்வி இல்லை, சரியாகக் கவனிக்காததன் தோல்வி. மழைவெள்ளம் வேறு மாதிரி இருக்கும்; வேகமும் நுரையும் அடித்துவரும் செத்தையும் இருக்கும். அடைத்த தண்ணீர் அப்படி இருக்காது. அடையாளத்தை உற்றுப்பார்த்துப் பிரித்தறிந்தால் அனுமானம் நிற்கும்.

இந்த இடத்தை நம் அறிமுக நூல்கள் ஏன் தொடுவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. ஒரு சம்சாரிக்கு இந்த வாதத்தைச் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டுத் தன் பங்குக்கு நாலு உதாரணம் சொல்வார். மின்னல் எந்தத் திசையில் வெட்டுகிறது, காற்று எப்படித் திரும்புகிறது, எது நம்பத்தக்க அடையாளம், எது ஏமாற்றும் அடையாளம் என்று. கி.ரா. மழையின் வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு எழுதியிருக்கிறார். அதைப் பெரும்பாலும் மொழிவளம் என்று பாராட்டிவிட்டு விடுகிறோம். எனக்கு அது அனுமானத்துக்கான கருவிப்பெட்டியாகத் தெரிகிறது. வேறுவேறு பெயர் இருந்தால்தான் வேறுவேறு அடையாளத்தைப் பிரித்துப் பார்க்க முடியும்.

அனுமானத்தைப் பற்றிச் சுடச்சுட ஒரு வாதம் தமிழிலேயே உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் பல சமயவாதிகளிடமும் மணிமேகலை கேட்டுப்போகிறாள். காட்சி தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்று உனக்கு எப்படித் தெரியும், அனுமானம் இல்லாமல்? என்று சிரித்தபடி மடக்குகிறாள். ஒரு பெண், ஊர்மத்தியில், ஒரே கேள்வியில். 29ஆம் காதை முழுக்கப் பௌத்த அளவையியல் பாடமாகவே இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நமக்கு அட்சயபாத்திரம் மட்டும்தான் வந்தது.

அறவியலுக்கு கு. அழகிரிசாமி. கி.ரா.வுக்கு அதே ஊர், அதே 1923இல் பிறந்தவர். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தீபாவளிக்கு முந்தைய நாள் எச்சில் இலையண்டை நிற்கும் ஒரு அநாதைப் பையனை, புண்ணும் அழுக்குமாக இருப்பவனை, தாயம்மாள் என்கிற ஏழைத் தாய் வீட்டுக்குள் கூப்பிட்டுக் குளிப்பாட்டுகிறாள். வீட்டுக்கென்று வாங்கிவைத்த புதுத் துணியில் ஒன்றை அவனுக்குக் கொடுக்கிறாள். இதை 'கருணை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது விமர்சனச் சோம்பேறித்தனம். அவள் கொடுக்கிற துணி அவளுடையது மட்டும் இல்லை. தன் குடும்பத்தாரின் பங்கில் இருந்து ஒரு அந்நியனுக்குக் கொடுக்கும் உரிமை அவளுக்கு உண்டா? தன் பிள்ளைக்குச் செய்யவேண்டியதும் யாரோ பிள்ளைக்குச் செய்யவேண்டியதும் ஒரே தராசில் நிற்குமா? மேற்கத்திய அறவியலில் இன்றைக்கும் இதற்கு முடிவு கிடையாது. அழகிரிசாமி அவளுடைய தயக்கத்தை மறைக்காமல் எழுதியதால்தான் அந்தக் கதை நிற்கிறது.

'அன்பளிப்பு' இன்னும் நுட்பமானது. தனக்கு டைரி கிடைக்காத சிறுவன் சாரங்கன், தானே ஒரு டைரி வாங்கி, அதைக் கொடுக்கவேண்டியவரை வீட்டுக்கு அழைத்து, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அந்த டைரி இப்போது அன்பளிப்பா இல்லையா? காசு அவனுடையது. எழுத்து அவருடையது. ஜே.எல். ஆஸ்டின் சொல்லால் செயலாற்றுவது பற்றிப் பேசினார். 'வாக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்வதே வாக்குக் கொடுப்பது. அப்படியானால் 'அன்பளிப்பு' என்று எழுதினாலே அன்பளிப்பு ஆகிவிடுமா? ஆகிவிட்டது என்றும் தோன்றுகிறது, அதைவிடக் கொடுமை இல்லை என்றும் தோன்றுகிறது. மொழித் தத்துவம், அறவியல் இரண்டும் சந்திக்கும் இந்த முடிச்சுக்கு இதைவிட நல்ல உதாரணம் ஆஸ்டினிடமே கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன்.

பூமணியின் 'வெக்கை' (1982) பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, சினிமாவும் வந்துவிட்டது. ஒன்று மட்டும். கையை வெட்டத்தான் அந்தப் பையன் போகிறான், ஆள் செத்துப்போகிறான். நோக்கத்தை வைத்துத் தீர்ப்பா, விளைவை வைத்துத் தீர்ப்பா? தேர்வுத் தாளில் வரும் 'சூழல் கேள்வி'களில் ஒரு அதிகாரி, ஒரு ஒப்பந்ததாரர், ஒரு லஞ்சம் என்று இருக்கும். அதைப் படித்துச் சலித்தவர்கள் இதைப் படிக்கலாம். சோ. தர்மனின் 'சூல்' கண்மாயை வைத்துக் கேட்கும் கேள்வியும் இதே அளவு முக்கியம்: எல்லாருக்கும் பொதுவான ஒன்றைக் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். தத்துவத்தை எளிய மக்களிடம் கொண்டுபோன அறிமுக நூல்கள் தமிழில் இல்லையா? உண்டு. ஜார்ஜ் பொலிட்சரின் நூல், ஆர்.கே. கண்ணன் மொழிபெயர்ப்பில் 'மார்க்சிய மெய்ஞ்ஞானம்' என்று வந்தது, தமிழ்நாட்டு இடதுசாரி வாசிப்பு வட்டங்களில் ஒரு தலைமுறைக்கே அரிச்சுவடியாக இருந்தது. அதன் பிறப்பே மரியாதைக்குரியது. 1935-36இல் பாரிஸில் தொழிலாளர் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய வகுப்புகளின் குறிப்புகள். 1942இல் நாஜிகள் அவரைச் சுட்டுக்கொன்ற பிறகு நூலானது. தொழிலாளிக்குத் தத்துவம் தேவை, அவனால் அது முடியும் என்ற நம்பிக்கையில் உருவான புத்தகம். அந்த நம்பிக்கை நம் கல்லூரிப் பாடநூல்களில் சுத்தமாக இல்லை.

ஆனால் அந்த நூல் கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று கெடுதலாகவும் முடிந்தது. எந்தச் சிந்தனையாளரைப் பார்த்தாலும் முதல் கேள்வி: பொருள்முதல்வாதியா, கருத்துமுதல்வாதியா? ரெண்டு சாக்கு. ஒன்றில் போடு. பொலிட்சரிடம் அது தொடக்கம்தான். நம்மிடம் அதுவே முடிவாகிவிட்டது. மேலே சொன்ன நாற்காலியை அந்தச் சாக்கில் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வந்த பயம் கருத்து, அதனால் கருத்துமுதல்வாதம், அதனால் மூடநம்பிக்கை என்று மூன்று தாவலில் முடிந்துவிடும். ஆனால் நாற்காலிக்கு நடந்தது வெறும் கருத்து இல்லை. ஒரு சாவு நடந்தது. ஒரு பிணம் உட்கார்ந்தது. ஒரு ஊர் பார்த்தது. பொருளுக்கு ஒரு வரலாறு உண்டாகிவிட்டது. கி.ரா. விவசாயிகள் இயக்கத்தில் இருந்து சிறை சென்றவர், மார்க்சியம் அறியாதவர் இல்லை. இருந்தும் கதையில் அவர் சாக்கைத் தூக்கவில்லை.

எதிர்ப்பக்கச் சறுக்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடணும். 'நம்ம பாட்டி சொன்ன பழமொழியில இல்லாத தத்துவமா?' என்று ஒரு பேச்சு இப்போது பெருத்திருக்கிறது. இது புகழ்ச்சி மாதிரித் தெரியும். உண்மையில் கரிசல் மனிதனைச் சிந்திக்கும் பொறுப்பில் இருந்து விடுவிக்கிற வேலை. பழமொழிக்கு எதிர்ப்பழமொழி எப்போதும் உண்டு. எது எப்போது செல்லும் என்று பழமொழி சொல்லாது. கதையும் அப்படித்தான். 'நாற்காலி' கேள்வியை எழுப்புகிறது, சிரிக்கவைக்கிறது, நின்றுவிடுகிறது. கி.ரா.வின் பெரிய பலவீனம் எனக்கு இதுதான். வியப்பு வந்த உடனே அடுத்த கதைக்குப் போய்விடுவார். கதாபாத்திரங்களில் ஒருவர்கூட 'ஏன் உட்காரக் கூடாது, காரணம் சொல்லு' என்று கடைசிவரை மல்லுக்கு நிற்பதில்லை. அந்த மல்லுக்கட்டுதான் தத்துவம். அதற்கு நியாய சூத்திரத்தின் எதிராளி வேணும், மணிமேகலையின் பூதவாதி வேணும், ரஸ்ஸலும் வேணும். கதை கேள்வியைத் தரும்; வாதம் தனி உழைப்பு.

அந்த உழைப்பு இந்த மண்ணுக்குப் புதுசு என்று யாரும் நினைக்கவேண்டாம். கோவில்பட்டியில் இருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்துப் பாறையில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர் உருவங்களையும் பார்த்திருப்பார்கள். கீழே வட்டெழுத்தில் பெயர்கள். அந்த உருவங்களைச் செய்வித்தவர்களில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. சித்தாந்தம் எடுத்துரைக்கும் துறவிகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்த கல்வெட்டும் அங்கே இருக்கிறது. சோறு போட்டு வாதம் கேட்டிருக்கிறார்கள், இந்த வறண்ட காட்டில். ஒரு பொருளைப் பற்றி 'ஒரு வகையில் இது உண்டு, ஒரு வகையில் இல்லை' என்று கோணம் கோணமாகப் பேசும் முறையைச் சமணர்கள் வளர்த்தெடுத்தார்கள். கழுவிக் கொண்டுவந்த நாற்காலி ஒரு வகையில் பழைய நாற்காலி, ஒரு வகையில் இல்லை. அந்தக் குரத்தியர் இந்தக் கதையை எப்படி எடுத்துக்கொண்டு வாதம் செய்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கும். அழகியல் என்றதும் அந்தச் சிற்பங்களை 'கலைநயம்' என்று சொல்லிப் படம் பிடித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். பாடம் நடந்த இடம் அது.

கலைச்சொல் பற்றி ஒன்று. ஈழத்துப் பல்கலைக்கழகங்களில் 'மெய்யியல்' என்கிறார்கள். நாம் 'தத்துவம்' என்கிறோம். பேச்சில் அந்தச் சொல் படாதபாடு படுகிறது. 'தத்துவம் பேசாதே' என்றால் வெட்டிப்பேச்சை நிறுத்து என்று அர்த்தம். 'தத்துவப் பாட்டு' என்றால் சோகப் பாட்டு. இந்தப் பழக்கத்தில் ஊறிய காதுக்கு 'மெய்யியல்' நல்ல மாற்று என்றே தோன்றுகிறது.

'இருப்பியல்' என்ற சொல்லைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரருக்கு இருப்பு என்றால் கையில் உள்ள சரக்கு, கல்லாவில் உள்ள காசு. தமிழில் 'இரு' என்றால் உளதாயிரு. 'இரு' என்றால் உட்கார். இருப்பு, இருக்கை இரண்டும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. ஆங்கிலத்தில் எழுதிய ரஸ்ஸலுக்கு இந்த வசதி கிடையாது. பிணத்தை நாற்காலியில் வைத்தபோது அது 'இருந்தது' என்று தமிழில் சொல்லலாம்; அந்த மனுஷர் 'இல்லை' என்றும் அதே மூச்சில் சொல்லலாம். இரண்டையும் எப்படிச் சொல்லிவிடுகிறோம் என்பதற்கு இலக்கணத்தில் ஒரு பதில் இருக்கும். மெய்யியலில் யாராவது எழுதினால் வாசிக்கக் காத்திருக்கிறேன்.